வேலிக்குள் நிற்கும் புள்ளிமான்



போன மாதம் அமெரிக்காவின் டெக்சஸிலிருந்து நம் வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். பதினைந்து வருடமாக நம் இதழைப் படிப்பவர். கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போன பிறகும் சந்தாவை நிறுத்தாதவர். கணவருக்கு சான் அன்டோனியோவில் ஐ.டி. வேலை. மகள் ஆறாம் வகுப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டி ஒரு பொட்டலத்தைக் கொடுத்திருக்கிறார். வெள்ளைத்தாளில் இறுக்கிச் சுற்றி, டேப் ஒட்டி, மேலே கறுப்பு மார்க்கரில் 'ஆக்சிஸ்' என்று எழுதித் தேதியும் போட்ட பொட்டலம். கல்லைப் போல உறைந்திருந்ததாம். "நானே வேட்டையாடியது. உங்கள் ஊர் மசாலா போட்டுச் சமைத்துப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஆக்சிஸ் என்றால் என்ன? மகள் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது நாம கிண்டியில பார்த்த புள்ளிமான்!" என்றிருக்கிறாள்.

பொட்டலம் ஃப்ரீசருக்குப் போனது. அம்மாவின் கேள்வி நம் அலுவலகத்துக்கு வந்தது. 'திருப்பிக் கொடுத்தால் அவர் மனம் வருத்தப்படும். சமைக்கலாமென்றால் மகள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். எட்டடி வேலி போட்ட பண்ணைக்குள் சுட்டதாம். தப்பிக்கவே வழியில்லாத மானைச் சுடுவது வேட்டையா? அந்தக் கறியை நாம் சாப்பிடலாமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?'

ஒரு வரியில் பதில் எழுதிவிட முடியவில்லை. யோசிக்க யோசிக்க, அந்தப் பொட்டலத்துக்குள் நம் எல்லோருடைய சமையலறையும் இருப்பது தெரிந்தது. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

முதலில், நம் புள்ளிமான் அங்கே எப்படிப் போனது?

இந்தியாவிலும் அதைச் சுற்றியுள்ள நாடுகளிலும் திரிந்த மான் அது. 1932 வாக்கில் அதை டெக்சஸுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அதே காலத்தில்தான் நம் வெளிமானும் போனது. கோடியக்கரையிலும் கிண்டியிலும் முறுக்கிய கொம்போடு துள்ளுமே, அதே மான். வடநாட்டு நீலகாய் மானும் 1920, 30-களில் போய்ச் சேர்ந்தது. பாறையும் புதரும் கொண்ட வறண்ட பூமி, நம் மான்களுக்குப் பழக்கப்பட்டது போலவே இருந்திருக்கிறது. பல்கிப் பெருகிவிட்டன.

டெக்சஸில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்ட நிலம் தனியார் கையில் இருக்கிறது. பெரிய பெரிய மாட்டுப் பண்ணைகள்; அவர்கள் பாஷையில் ரான்ச். மழை பொய்த்து, மாட்டு விலை விழுந்த வருடங்களில், மாட்டைவிட மான் லாபம் என்று பலர் கண்டுகொண்டார்கள். வேட்டையாட வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கலாம். நல்ல கொம்புள்ள கிடாய்க்குப் பல ஆயிரம் டாலர். பெட்டை மானுக்குச் சில நூறு டாலர்.

அந்த ஊரிலேயே பிறந்த வெள்ளைவால் மானுக்குச் சட்டம் வேறு. அது யார் நிலத்தில் மேய்ந்தாலும் மாநில மக்களின் சொத்து. சுடுவதற்கு சீசன் உண்டு, எண்ணிக்கைக் கட்டுப்பாடு உண்டு. வெளியூரிலிருந்து வந்த நம் புள்ளிமானுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வருடத்தில் எந்த நாளும் சுடலாம், எத்தனையும் சுடலாம். வேலிக்குள் இருந்தால் அது ரான்ச்காரரின் மாடு மாதிரி, அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் டெக்சஸில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது அப்படி ஒரு ரான்ச்சுக்குள் போகும் வாய்ப்புக் கிடைத்தது. சான் அன்டோனியோவுக்கு வடமேற்கே, ஹில் கன்ட்ரி என்று சொல்கிற மேட்டு நிலம். தம்பியின் நண்பர் ஒருவர் அழைத்துப் போனார். சுடுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு.

மரப்பலகையால் அடைத்த ஒரு சின்ன மறைவிடத்துக்குள் உட்கார்ந்திருந்தோம். எதிரே எண்பது அடி தூரத்தில், மூன்று கால் ஸ்டாண்டின் மேல் ஒரு டிரம். அதற்குக் கீழே சின்ன மோட்டார். சாயங்காலம் ஆறரை ஆனதும் மோட்டார் 'விர்ர்' என்று சுற்றியது. மக்காச்சோளம் நாலா பக்கமும் தெறித்தது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. புதரிலிருந்து ஒன்று, பின்னால் நான்கு, அதற்கும் பின்னால் குட்டியோடு ஒரு பெட்டை. பிறகு இன்னும் சில. மொத்தம் பதினொரு மான்கள் வந்து நின்றன.

ஒரு மான் மட்டும் தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தது. காது இரண்டும் எங்களை நோக்கித் திரும்பின. பிறகு அதுவும் குனிந்து சோளத்தைப் பொறுக்க ஆரம்பித்தது.

நம் கொல்லைப்புறத்தில் முறத்தைத் தட்டினால் கோழிகள் ஓடிவருமே, அந்தக் காட்சிதான் என் நினைவுக்கு வந்தது. அந்த மோட்டார் சத்தம் அவற்றுக்குச் சோற்று மணி. தினமும் சோறு போடுகிற சத்தத்துக்கு வந்து நிற்கிற மிருகத்தைப் பலகை மறைவிலிருந்து சுடுவதற்கு, வேட்டை என்ற பெயர் பொருந்துமா?

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் முதலில் கேட்டவர்கள் வேட்டைக்காரர்களேதான். அதற்கான சாட்சி உங்கள் வீட்டுக் கட்டிலிலேயே கிடக்கலாம். குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்குகிற டெடி பேர்.

1902 நவம்பரில், அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பி மாநிலத்துக்குக் கரடி வேட்டைக்குப் போனார். அவருக்கு ஒன்றும் சிக்கவில்லை. வழிகாட்டியாக வந்த ஹோல்ட் கோலியர், அடிமையாகப் பிறந்து பேர் பெற்ற வேட்டைக்காரரானவர். நாய்கள் வளைத்த ஒரு கரடியைப் பிடித்து அவர் மரத்தில் கட்டிவைத்தார். ஜனாதிபதி வந்து சுட வேண்டியதுதான் பாக்கி. ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார். கட்டிப்போட்ட மிருகத்தைச் சுடுவது வேட்டைக்காரனுக்கு அழகில்லை என்பது அவர் எண்ணம். செய்தி பரவியது, பத்திரிகையில் கார்ட்டூன் வந்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு கடைக்காரர் கரடி பொம்மை செய்து, ஜனாதிபதியின் செல்லப்பெயரை அதற்கு வைத்தார். அந்த டெடிதான் இந்த டெடி.

கதையின் மிச்சத்தைப் பலரும் சொல்வதில்லை. நாய்களிடம் கடிபட்டு அடிபட்டுக் கிடந்த அந்தக் கரடி பிழைக்கவில்லை. அதன் வேதனையை முடிக்கச் சொன்னார் ரூஸ்வெல்ட். கத்தியால் கொன்றார்கள்.

இந்த மிச்சக் கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரே மிருகத்தின் முன்னால் அவர் இரண்டு முடிவு எடுத்தார். இதை விளையாட்டாகச் சுட மாட்டேன் என்பது ஒன்று. இதைத் துடிக்கவும் விடக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டும் இரண்டு தர்மம்.

ஒன்று வேட்டைக்காரனின் தர்மம். மிருகத்துக்குத் தப்பிக்க வழி இருக்க வேண்டும். அதன் மூக்கும் காதும் காலும் உன்னை ஜெயிக்கலாம் என்ற நிலை இருந்தால்தான் நீ வேட்டைக்காரன். ரூஸ்வெல்ட் 1887-ல் நண்பர்களோடு தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப் இதை 'ஃபேர் சேஸ்' என்கிறது. தப்பிக்க முடியாதபடி வேலிக்குள் அடைத்த மிருகத்தைச் சுட்டுக் கொம்பு கொண்டுவந்தால், இன்றும் அந்த கிளப் தன் பதிவேட்டில் ஏற்பதில்லை.

இன்னொன்று வளர்ப்பவனின் தர்மம். ஆட்டுக்காரர் ஆட்டுக்குத் தப்பிக்க வழி கொடுப்பதில்லை. பட்டியில் அடைக்கிறார், தீனி போடுகிறார், நோய் வந்தால் மருந்து கொடுக்கிறார். அதற்குப் பதிலாக அவர் ஒரு கடமையை ஏற்றுக்கொள்கிறார். இருக்கும்வரை நன்றாக வைத்துக்கொள்வேன், முடிக்கும்போது பயமில்லாமல், வலியில்லாமல், ஒரு நொடியில் முடிப்பேன் என்று.

காட்டு மிருகத்துக்கு வாய்ப்புக் கொடு. வீட்டு மிருகத்துக்குப் பயத்தைக் கொடுக்காதே. நம் பாட்டன் காலத்திலிருந்து யாரும் எழுதிவைக்காமலே நமக்குத் தெரிந்த விஷயம்தானே இது?

வேலிக்குள் நிற்கும் மான் இந்த இரண்டில் எந்தப் பக்கம்?

என் மனதுக்குப் பட்டதைச் சொல்கிறேன். வேலி போட்ட அன்றே அந்த மான் காட்டை விட்டு நம் பட்டிக்கு வந்துவிட்டது. சோளம் போட ஆரம்பித்த அன்று அது நம் பொறுப்பாகிவிட்டது. இனி அதைக் கொல்வது, என்ன பெயர் சொன்னாலும், அறுப்புதான். அறுப்பில் பாவமில்லை என்று நினைக்கிறவர்கள் அறுக்கலாம். ஆனால் அதில் வீரம் தேடக் கூடாது. அறுப்புக்கு உரிய நிதானமும் இரக்கமும் அங்கே இருக்க வேண்டும்.

இதில் ஒரு சின்ன விவரம் என்னை உலுக்கியது. துப்பாக்கி எங்கே குறி வைக்கிறது என்பது.

டெக்சஸில் கறிக்காகவே மான் சுடுகிற தொழில் நடக்கிறது. அரசு இறைச்சி இன்ஸ்பெக்டர் கூடவே போவார். பழகிய ஒருவர் தூரத்திலிருந்து, மான் மேய்ந்துகொண்டிருக்கும்போதே, தலையிலோ கழுத்தின் மேற்பகுதியிலோ சுடுவார். வாயில் புல்லோடு மான் விழும். பக்கத்தில் நிற்கும் மானுக்குக்கூட என்ன நடந்ததென்று புரிய நேரம் ஆகும். டிரெய்லரில் வருகிற நடமாடும் அறுப்புக்கூடத்தில் வைத்து உடனே சுத்தம் செய்கிறார்கள். அந்தக் கறிதான் முத்திரையோடு ஹோட்டல்களுக்குப் போகிறது.

கொம்புக்காக வருகிறவர் தலையில் சுட மாட்டார். ஏன்? அந்தத் தலை அவர் வீட்டுச் சுவருக்கு வேண்டும். ஆகவே தோளுக்குப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கிற இடத்தில் குறி வைக்கிறார். குறி தப்பாவிட்டாலும் மான் பல நேரம் கொஞ்ச தூரம் ஓடித்தான் விழுகிறது. குறி கொஞ்சம் பிசகினால், வயிற்றில் குண்டோடு மணிக்கணக்கில் புதரில் கிடக்கும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கை பழகாதவர் தலையில் சுடுவது அதைவிடக் கொடுமை. பிசகினால் தாடை உடைந்து, தின்னவும் முடியாமல், சாகவும் முடியாமல் அந்த மான் அலையும். புதிதாக வருகிறவர்களை மார்பில் சுடச் சொல்வதற்கு அதுதான் காரணம். அப்படியானால் கேள்வி துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பதற்கே வந்து நிற்கிறது. வாரக் கடைசியில் பணம் கட்டி வருகிற, வருடத்துக்கு இரண்டு முறை துப்பாக்கி தொடுகிற ஒருவர் கையில், நம் பொறுப்பில் வளர்ந்த ஓர் உயிரின் கடைசி நிமிடத்தை ஒப்படைக்கலாமா?

மிருகம் பயந்து, அலைந்து செத்தால் அது கறியிலேயே தெரியும் என்பது கசாப்புத் தொழில் தெரிந்தவர்களுக்குப் புதிதில்லை. நெடுநேரம் மிரண்டு ஓடிய மிருகத்தின் தசையில் சேமித்து வைத்த சர்க்கரை தீர்ந்துபோகும். செத்தபின் இறைச்சியில் இயல்பாக உண்டாக வேண்டிய அமிலம் அப்போது சரியாக உண்டாகாது. கறி கறுத்து, விறைத்து, சீக்கிரம் கெட்டுப்போகும். இரக்கமும் ருசியும் ஒரே பக்கம் நிற்கிற இடம் இது.

இந்தக் கட்டண வேட்டைத் தொழில் எவ்வளவு தூரம் வழுக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 2005-ல் டெக்சஸ் ரான்ச் ஒன்றில் துப்பாக்கியோடு கேமராவை இணைத்தார்கள். வீட்டில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் மவுஸைத் தட்டினால் அங்கே மிருகம் சாகும். உடம்பு முடியாதவர்களுக்கும் வேட்டை அனுபவம் கிடைக்கட்டும் என்று காரணம் சொன்னார்கள். ஆனால் வேட்டைக்காரர்களே கொதித்துப் போனார்கள். அந்த வருடமே டெக்சஸ் தடை போட்டது. பல மாநிலங்கள் தொடர்ந்தன. மொண்டானா மாநில மக்கள் இன்னும் முன்னால் போயிருந்தார்கள். பண்ணையில் வளர்த்த மானைக் கட்டணம் வாங்கிக்கொண்டு சுடவிடுவதை 2000-ல் வாக்குப் போட்டே நிறுத்தினார்கள். அந்த மாநிலத்தில் வேட்டைக்குப் போகிற குடும்பங்கள் அதிகம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சரி, வேலி என்றாலே தப்பு என்று சொல்லிவிடலாமா? அதுவும் அவ்வளவு சுலபமில்லை.

தெற்கு டெக்சஸில் நீலகாய்கள் திரிகிற கிங் ரான்ச்சின் மொத்தப் பரப்பு சுமார் 8,25,000 ஏக்கர். சென்னை மாநகராட்சியைப் போல ஏழு மடங்குக்கும் மேலே. மாட்டு வேலியை நீலகாய் பொருட்படுத்துவதும் இல்லை. தாண்டும், அல்லது அடியில் புகுந்து போகும். அங்கே ஒரு நீலகாயைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. இன்னொரு பக்கம், ஐம்பது ஏக்கரைச் சுற்றி எட்டடி வேலி போட்டு, லாரியில் கொண்டுவந்து இறக்கிய மானை அடுத்த வாரம் சுடவிடுகிற இடமும் இருக்கக்கூடும். இரண்டுக்கும் பெயர் ரான்ச் வேட்டைதான். ஆனால் இரண்டும் ஒன்றா?

ரான்ச்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. வேட்டை வருமானம் இல்லையென்றால் அந்த நிலம் பிளாட் போட்டுப் போயிருக்கும் என்கிறார்கள். வயல் பிளாட்டாகும் வேகத்தைப் பார்த்த நமக்கு அது புரியாதா? வாள் போல வளைந்த கொம்புள்ள ஆப்பிரிக்க ஓரிக்ஸ் என்ற மான், காட்டில் அற்றுப்போய்விட்டது என்று 2000-ல் அறிவித்தார்கள். அப்போதும் அது டெக்சஸ் பண்ணைகளில் ஆயிரக்கணக்கில் மேய்ந்துகொண்டிருந்தது. பல நாட்டுச் சேகரிப்புகளிலிருந்து திரட்டிய ஓரிக்ஸ் கூட்டத்தை, அபுதாபியின் முயற்சியால் 2016-ல் சாட் நாட்டுப் புல்வெளியில் திரும்ப விட்டார்கள். பாகிஸ்தானில் அழிந்துபோன நம் வெளிமானை 1970-களில் லால் சுஹான்ரா பூங்காவில் மறுபடி விட்டபோது, அந்த மான்கள் போனது டெக்சஸிலிருந்துதான்.

இது சின்ன விஷயமில்லை. ஒரு இனம் பிழைத்ததை நான் நன்றியோடு ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இனத்தைக் காப்பாற்றினேன் என்பது, கண்ணெதிரே நிற்கிற ஒரு மானைத் துடிக்கவிடுவதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது. ஊருக்கெல்லாம் சோறு போடுகிற வீட்டிலும் வேலைக்காரப் பெண்ணை அடிக்கக் கூடாதல்லவா?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

வாசகி கடிதத்தை அலுவலகத்தில் படித்துக்காட்டியபோது, "ஐயோ பாவம், மானையா?" என்றார்கள் பலர். மத்தியானம் அவர்களில் பாதிப் பேர் டிபன் பாக்ஸில் சிக்கன். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

நாம் வாங்குகிற பிராய்லர் கோழிக்கு ஆயுள் எவ்வளவு தெரியுமா? சுமார் ஆறு வாரம். ஷெட்டில் அதற்குக் கிடைக்கிற இடம் ஏறக்குறைய ஒரு சதுர அடி. இரண்டு கிலோ எடை வந்ததும் கூண்டில் அடைத்து லாரியில் ஏற்றி, கடை வாசலில் வெயிலில் வைத்து, மற்ற கோழிகளின் கண்ணெதிரே ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள்.

அந்த ரான்ச் மான் வருடக்கணக்கில் வெயிலில் படுத்தது, மழையில் நனைந்தது, குட்டி போட்டது, தன் கூட்டத்தோடு மேய்ந்தது. நல்ல கையில் என்றால் ஒரு நொடியில் முடிந்தது. இரண்டையும் தராசில் வைத்தால், பரிதாபம் எந்தத் தட்டில் அதிகம் விழ வேண்டும்?

மானுக்குக் கண் அழகாக இருக்கிறது. கோழியைப் பற்றி யாரும் கவிதை எழுதுவதில்லை. அதற்காகக் கோழிக்கு வலி குறைவாகிவிடுமா?

'கறியே வேண்டாமே, பிரச்னை முடிந்ததே' என்று சைவ வாசகர்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. புலால் மறுத்தலுக்கென்று தனி அதிகாரமே வைத்த வள்ளுவரின் ஊர் நம்முடையது. அந்த வழியில் நிற்கிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் நம் வீடுகளில் பெரும்பாலானவற்றில் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்கிறது. கொதிக்கிற வீட்டுக்கு ஒரு நெறி வேண்டாமா? சாப்பிடாதவர்கள் மட்டும்தான் மிருகத்தைப் பற்றிப் பேசலாம் என்றால், சாப்பிடப்படுகிற மிருகத்துக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

அதனால் அந்த வாசகிக்கு மூன்று கேள்விகளை எழுதி அனுப்பினேன். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் மரியாதையாகக் கேட்கச் சொன்னேன்.

ஒன்று, அந்த மான் எப்படி வாழ்ந்தது? பரந்த இடத்தில், தன் கூட்டத்தோடு, தானே மேய்ந்து வாழ்ந்ததா? இல்லை, சுடுவதற்காகவே எங்கிருந்தோ கொண்டுவந்து அடைத்ததா?

இரண்டு, அது எப்படிச் செத்தது? ஒரே குண்டிலா, துரத்தியா? சுட்டவருக்குக் கை பழகியிருந்ததா? சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுகிற நிதானம் இருந்ததா?

மூன்று, அதை எதற்காகக் கொன்றார்கள்? சாப்பிடுவதற்கா, சுவருக்கா? கறி முழுவதும் பயன்பட்டதா?

கூடவே, ஒரு தாய் கேட்க வேண்டிய இரண்டு விஷயங்களையும் சேர்த்தேன். ஈயக் குண்டு உடம்புக்குள் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகச் சிதறும். 2008-ல் வடக்கு டகோட்டா மாநிலத்தில், ஏழைகளுக்கென்று வேட்டைக்காரர்கள் தானமாகக் கொடுத்திருந்த அரைத்த மான் கறியில் ஈயம் இருந்ததால், அதைக் கொடுக்க வேண்டாம் என்று சுகாதாரத் துறையே சொன்னது. ஆகவே காயம் பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்தார்களா என்று கேட்க வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருக்கிற வீடு என்றால் கட்டாயம் கேட்க வேண்டும்.

இன்னொன்று, வட அமெரிக்க மான்களின் மூளையைத் தின்கிற ஒரு நோய். 1967-ல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் தென்பட்டது. டெக்சஸில் 2012-ல் காட்டு மானிடமும், 2015-ல் மான் வளர்ப்புப் பண்ணையிலும் கண்டுபிடித்தார்கள். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை நிரூபணம் இல்லை. ஆனால் எவ்வளவு வேகவைத்தாலும் அந்தக் கிருமிப் பொருள் அழியாது. நோய் இருக்கிற பகுதியில் சுட்ட வெள்ளைவால் மான் என்றால், சோதனை செய்த பிறகே சாப்பிடச் சொல்கிறது அந்நாட்டு அரசு. கூட்டமாக அடைப்பதும், பண்ணை விட்டுப் பண்ணை லாரியில் ஏற்றுவதும் அந்த நோய் பரவ வழி செய்கிற காரியங்கள். மிருகத்துக்குக் கெடுதலானது கடைசியில் நம் தட்டுக்கும் வந்து சேர்கிறது.

பத்து நாளில் வாசகியிடமிருந்து பதில் வந்தது.

பெரியவர் கோபிக்கவில்லையாம். "இத்தனை வருடத்தில் என்னிடம் இதை யாரும் கேட்டதில்லை" என்று சந்தோஷப்பட்டு, உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினாராம். அவர் சுட்டது பெட்டை மான். ரான்ச்சில் மான் கூடிப்போய்ப் புல் தீர்ந்துகொண்டிருந்ததால், உரிமையாளர் பெட்டைகளைக் குறைக்கச் சொல்லியிருந்தார். பக்கத்தில் குட்டி இல்லை என்று தெரியும்வரை காத்திருந்து, அறுபது அடி தூரத்தில், ஒரே குண்டு. விழுந்த இடத்திலேயே அடங்கிவிட்டது. செம்புக் குண்டுதான் போடுவாராம். எலும்பைக்கூட சூப்புக்கு வைத்துக்கொண்டார். அவர் வீட்டுச் சுவரில் ஒரு கொம்பும் இல்லை. "நான் அதை வேட்டை என்று சொன்னது வாய்ப்பழக்கம். கடைக்குப் போகாமல் கறி எடுத்தேன், அவ்வளவுதான்" என்றாராம்.

எனக்கு அந்தப் பெரியவர் மேல் மரியாதை வந்தது. தான் செய்ததற்குச் சரியான பெயரை அவரே சொல்லிவிட்டார்.

வாசகி சமைத்தார். மான் கறியில் கொழுப்பு குறைவு, அதிக நேரம் வறுத்தால் செருப்புத்தோலாகிவிடும் என்று பெரியவர் சொன்னபடி, மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்துப் போட்டு, மூடிவைத்து, சிறு தீயில் நிதானமாக வேகவிட்டார். கணவர் சாப்பிட்டார். மகள் தொடவில்லை. அவளை யாரும் வற்புறுத்தவில்லை. அதுவும் சரிதான்.

அந்தச் சிறுமி விட்ட இடத்தில்தான் நாம் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் தட்டில் இருந்ததைக் 'கறி' என்று பார்க்கவில்லை. கிண்டியில் பார்த்த ஒரு மானாகப் பார்த்தாள். பெரியவர்களான நாம் எப்போது அப்படிப் பார்ப்பதை விட்டோம்?

இங்கே ஊரில் இருக்கும் வாசகர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டெக்சஸில் செல்லுபடியாவது இங்கே செல்லாது. 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் மான் வேட்டை குற்றம். மான் கறி வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். யாராவது 'பண்ணை மான்தான் சார்' என்று ரகசியமாகக் கொண்டுவந்து நீட்டினால் தொடாதீர்கள். கோடியக்கரையில் மிஞ்சியிருக்கிற வெளிமான் நம் பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டிய மான்.

ஆனால் அந்த மூன்று கேள்விகளுக்கு நாடு கிடையாது. இந்த ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போகும்போது கேட்டுப் பாருங்கள். இந்த ஆடு எங்கே மேய்ந்தது? இங்கே எப்படி வந்தது? அறுப்பதற்கு முன் தண்ணீர் காட்டினீர்களா? மற்ற ஆட்டின் கண்ணில் படாமல் மறைவாக அறுக்கிறீர்களா? முதல் நாள் கடைக்காரர் உங்களை விநோதமாகப் பார்ப்பார். பத்துப் பேர் கேட்டால் ஒரு திரை கட்டுவார். ஐம்பது பேர் கேட்டால் தொழிலே மாறும். வாடிக்கையாளர் வார்த்தைக்கு அந்தச் சக்தி உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததா?

வாங்கியதை வீணாக்காதீர்கள். விருந்தில் எச்சில் இலையோடு போகிற ஒவ்வொரு துண்டும் ஒரு உயிரின் விலை. வாரத்தில் நான்கு நாள் யோசிக்காமல் சாப்பிடுவதைவிட, ஒரு நாள் தெரிந்து, விசாரித்து, மிச்சம் வைக்காமல் சாப்பிடுவது மேல்.

வேலிக்குள் நிற்கிற உயிர் நம்மை நம்பித்தான் நிற்கிறது. அது டெக்சஸ் மானானாலும் சரி, நம் தெருமுனைக் கடையில் கட்டியிருக்கிற ஆடானாலும் சரி. அதைக் கொன்று தின்பவர்கள் அதற்குக் கொடுக்க வேண்டியது இரண்டே இரண்டுதான்: நல்ல வாழ்வும், பயமில்லாத சாவும். அதைக் கொடுக்க முடியாத இடத்தில் கறி வாங்க வேண்டாம்.

உங்கள் கடைக்காரர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்